திறக்க ஆளில்லாத பூட்டு: 39,999-இல் நின்ற இரவுப் பணி

நிகழ்வு ஆய்வு: அபூர்வமாகத் தலைகாட்டும் ஒரு பக்கை (நிரல் பிழையை), ரீசனிங் மாடலின் (பதிலுக்கு முன் படிப்படியாக யோசிக்கும் ஏஐயின்) துணையோடு தேடியபோது எது உதவியது, எது வழிதவற வைத்தது

பின்னணி

நான்கு பொறியாளர்கள் கொண்ட ஒரு குழு. ஸ்கேன் செய்த படங்களை இரவில் மொத்தமாகப் பதப்படுத்தும் நிரல் ஒன்றை அவர்கள் பராமரிக்கிறார்கள். ஓர் இரவுக்குச் சுமார் 40,000 படங்கள். ஒவ்வொன்றையும் சாய்வு திருத்தி, அளவு மாற்றி, அதிலுள்ள பட்டைக் குறியீட்டைப் படித்து, முடிவைத் தரவுத்தளத்தில் எழுத வேண்டும். பைதான் 3.11, லினக்ஸ் கன்டெய்னர், மல்டிப்ராசஸிங் பூலில் 8 வொர்க்கர்கள், அதாவது வேலையைப் பகிர்ந்துகொண்டு இணையாக ஓடும் 8 ப்ராசஸ்கள். ஒரு படத்துக்குச் சராசரியாக 2 நொடி ஆகும். வேலை 2 மணி 50 நிமிடத்தில் முடிந்துவிடும்.

பூலில் ஒரு கூடுதல் அமைப்பு இருந்தது. ஒரு வொர்க்கர் 200 படங்களை முடித்ததும் அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்றைத் தொடங்க வேண்டும். படம் படிக்கும் நூலகம் ஒன்றில் மெமரி கசிந்ததால் எப்போதோ செய்த ஒட்டு வேலை அது. வைத்தவர் இப்போது குழுவில் இல்லை. ஏன் 200 என்பதற்குக் குறிப்பும் இல்லை.

வொர்க்கர்களைச் சேய்களாகத் தொடங்கும் தாய் ப்ராசஸில், அளவீடுகளைச் சேகரிக்கக் குழுவே எழுதிய சிறு மெட்ரிக்ஸ் மாட்யூல் ஒன்றும் ஓடியது. அதை இம்போர்ட் செய்த உடனே ஒரு பின்னணி த்ரெட் (அதே ப்ராசஸுக்குள் இணையாக ஓடும் இழை) தொடங்கும். அது 10 நொடிக்கு ஒருமுறை, சேர்ந்த எண்ணிக்கைகளை எச்டிடிபி வழியாக அனுப்பும்.

கண்டது

70 இரவுகளில் 5 முறை பணி முடியாமல் நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. சிபியு பயன்பாடு பூஜ்யம். தரவுத்தளத்தில் ஒவ்வொரு முறையும் சரியாக ஒரு படத்தின் முடிவு மட்டும் குறைந்தது: 40,000-க்கு 39,999. விடுபட்ட படம் ஒவ்வொரு முறையும் வேறு. அதே படத்தைத் தனியாகக் கொடுத்தால் சிக்கலில்லாமல் ஓடியது. பொறியாளர்களின் மேக் கணினிகளில் எத்தனை முறை ஓட்டினாலும் நிற்கவில்லை.

காலையில் யாராவது பார்த்துப் பணியைக் கொன்று, மீதமிருந்த ஒரு படத்தை மட்டும் மறுபடி ஓட்டுவார்கள். ஐந்து நிமிட வேலைதான். அதனால்தான் இரண்டு மாதம் யாரும் ஆழமாகத் தோண்டவில்லை.

முதல் சுற்று: முடிவை ஊட்டிவிட்டுக் கேட்ட கேள்வி

ரீசனிங் மாடலிடம் முதலில் கேட்டது, சுருக்கமாக, இப்படி: “சில படங்கள் பழுதாக இருக்கின்றன. அவற்றைப் படிக்கும்போது ஜேபெக் டிகோடர் முடிவில்லாத சுழலில் மாட்டிக்கொள்கிறது. எப்படித் தடுப்பது?”

மாடல் நீளமாக யோசித்து, ஒழுங்கான பதிலைத் தந்தது. படத்தின் தலைப்பகுதியைச் சரிபார்க்க வேண்டும், அளவுக்கு உச்சவரம்பு வேண்டும், ஒவ்வொரு படத்துக்கும் கால வரம்பு வேண்டும் என்றது. பொதுவாகப் பார்த்தால் எல்லாம் நல்ல யோசனைகள்தான். ஆனால் கேள்வியிலேயே காரணம் முடிவாகிவிட்டது. சுழலில் மாட்டிய ப்ராசஸ் ஒரு சிபியு கோரை 100% தின்னும். இங்கே சிபியு பூஜ்யம். அந்தத் தகவல் குழுவின் கையில் இருந்தது, கேள்வியில் இல்லை. விடுபட்ட படம் தனியாக ஓடியது என்பதும் கேள்வியில் இல்லை. இவ்விரண்டில் ஒன்று இருந்திருந்தாலும் அந்த ஊகம் அங்கேயே விழுந்திருக்கும்.

சரிபார்ப்பு நிரல் எழுதி ஏற்றினார்கள். 9-ஆம் இரவு பணி மறுபடி 39,999-இல் நின்றது. இது ஆறாவது நிறுத்தம். இந்த முறை பணியைக் கொல்லும் முன் ப்ராசஸ் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டார்கள்.

இரண்டாம் சுற்று: கண்டதை மட்டும் கொடுத்தது

புதிய உரையாடலைத் தொடங்கினார்கள். பழையதையே தொடர்ந்திருந்தால் டிகோடர் கதை ஒவ்வொரு பதிலிலும் எட்டிப்பார்த்துக்கொண்டே இருக்கும். இந்த முறை மாடலுக்குத் தந்தவை:

பைதான் பதிப்பு, இயங்குதளம், பூல் உருவாக்கும் வரிகள், வொர்க்கர் செயல்கூறு, மெட்ரிக்ஸ் மாட்யூல், தரவுத்தள இணைப்பைத் திறக்கும் கோப்பு என மொத்தம் 340 வரி நிரல். களஞ்சியம் முழுவதையும் கொட்டவில்லை. நின்ற இரவின் கடைசி 20 நிமிடப் பதிவுக் கோப்பு; அதில் கோப்புப் பெயர்களும் அணுகல் சாவிகளும் நீக்கப்பட்டு, ப்ராசஸ் எண்ணும் நேர முத்திரையும் அப்படியே விடப்பட்டன. பிறகு இரண்டு பத்திகள்: ஒன்றில் கண்ணால் பார்த்தவை, மற்றொன்றில் இன்னும் பார்க்காதவை.

கேட்ட கேள்வியும் மாறியது. தீர்வு வேண்டாம். குறைந்தது நான்கு ஊகங்கள் வேண்டும். ஒவ்வொன்றும் உண்மையானால் எதைப் பார்க்க முடியும், எதைப் பார்க்கவே முடியாது என்று சொல்ல வேண்டும். அவற்றைப் பிரித்துக் காட்டும் மிக மலிவான சோதனை எது?

மாடல் ஐந்து ஊகங்களைத் தந்தது. தரவுத்தள இணைப்பு ஒன்றே தாய்க்கும் சேய்க்கும் பொதுவாகிவிட்டது. மெமரி தீர்ந்து கெர்னல் ஒரு வொர்க்கரைக் கொன்றது. முடிவைத் திருப்பி அனுப்பும் குழாய் அடைத்துக்கொண்டது. பதிவு வரிகளை எழுதும் லாகிங் மாட்யூலின் பூட்டு (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட்டை மட்டும் உள்ளே விடும் காவல்), ஃபோர்க்கின்போது (தாயை நகலெடுத்துச் சேயை உருவாக்கும்போது) சிக்கியது. வேறொரு த்ரெட்டின் பூட்டு அதேபோல் சிக்கியது. இரண்டாவது ஊகம் மேலோட்டமாகப் பார்த்தால் அப்படியே பொருந்தும். வொர்க்கர் கொல்லப்பட்டால் பூல் அதற்குப் பதில் புதிய வொர்க்கரைத் தொடங்கிவிடும், ஆனால் கையிலிருந்த வேலை தொலைந்துபோகும், முடிவுக்காகத் தாய் ப்ராசஸ் காத்துக்கொண்டே இருக்கும். 39,999 என்ற எண்ணை அதுவும் விளக்கும்.

பிரிக்கும் சோதனையாக மாடல் கேட்டவை இரண்டு: விடுபட்ட படத்தை எடுத்த ப்ராசஸ் இன்னும் உயிரோடு இருக்கிறதா? அது அதற்கு முன் எத்தனை படம் முடித்திருந்தது?

இந்த வழக்கின் திருப்பம் இரண்டாவது கேள்விதான். ஆறு இரவுகளின் பதிவுக் கோப்புகளும் கையில் இருந்தன. படத்தை எடுக்கும்போது ஒரு வரி, முடிக்கும்போது ஒரு வரி, இரண்டிலும் ப்ராசஸ் எண். தேடிப் பார்க்கப் பத்து நிமிடம் ஆனது. ஆறு முறையும், சிக்கிய ப்ராசஸ் எழுதியது ஒரே ஒரு வரி: எடுத்தேன் என்பது. அதாவது பிறந்ததும் எடுத்த முதல் படத்திலேயே சிக்கியிருக்கிறது. 200 படங்களில் எதில் வேண்டுமானாலும் சிக்கலாம் என்றால் இப்படி ஆறு முறை தொடர்ந்து அமையாது. எடுத்து வைத்த பட்டியலில் அந்த ப்ராசஸ் உயிரோடு இருந்தது. கெர்னல் பதிவில் மெமரி தீர்ந்ததற்கான வரி எதுவும் இல்லை. கொல்லப்பட்டது என்ற ஊகம் விழுந்தது. குழாய் அடைப்பும் விழுந்தது, ஏனென்றால் அடைப்பு புதிய வொர்க்கர்களை மட்டும் தேடிப் பிடிக்காது. பிரச்சினை படத்தில் இல்லை, வொர்க்கர் பிறக்கும் கணத்தில் இருக்கிறது.

மாடல் இரண்டு இடங்களில் தவறியது

முடிவைக் கேட்டதும் மாடல் உறுதியாக லாகிங் பூட்டைக் கைகாட்டியது. பைதானில் ஃபோர்க்கையும் த்ரெட்டையும் கலந்தவர்கள் பல ஆண்டுகளாகச் சந்தித்த பழைய சிக்கல் அது. அதைப் பற்றி எழுதப்பட்டது ஏராளம். ஆனால் 3.11-இன் மூலநிரலைத் திறந்து பார்த்தால், ஃபோர்க் முடிந்ததும் சேய் ப்ராசஸில் லாகிங் பூட்டுகளைப் புதிதாக அமைக்கும் ஏற்பாடு ஏற்கெனவே இருக்கிறது. அதைவிட எளிய மறுப்பும் இருந்தது: சிக்கிய ப்ராசஸ் ஒரு பதிவு வரியை எழுதிவிட்டுத்தான் நின்றது. லாகிங் பூட்டு சிக்கியிருந்தால் அந்த வரியே வந்திருக்காது.

அடுத்தது ஃப்யூடெக்ஸ், அதாவது பூட்டுக்காகக் காத்திருக்க லினக்ஸ் கெர்னல் தரும் வசதி. சிக்கிய ப்ராசஸ் கெர்னலில் ஃப்யூடெக்ஸ் காத்திருப்பில் இருந்ததை டெட்லாக்கிற்கான (பூட்டு ஒருபோதும் திறக்காத முடக்கத்துக்கான) சான்றாக மாடல் எடுத்துக்கொண்டது. மற்ற ஏழு வொர்க்கர்களையும் பார்க்கும்படி ஒரு பொறியாளர் சொன்னார். ஆறு ப்ராசஸ்கள் அதே நிலையில்தான் இருந்தன. வேலை இல்லாத பூல் வொர்க்கர்களில் ஒன்று குழாயைப் படிக்கக் காத்திருக்கும், மற்றவை வேலை வரிசையின் செமஃபோரில் (பூட்டு போன்ற ஒன்றில்) காத்திருக்கும், இரண்டாவதும் ஃப்யூடெக்ஸ்தான். ஆரோக்கியமான ப்ராசஸும் சிக்கிய ப்ராசஸும் ஒரே மாதிரி காட்டும் அறிகுறி எதையும் நிரூபிக்காது.

இரண்டு தவறுமே பதிலின் நடையில் தெரியவில்லை. சரியான பதில்களும் இதே உறுதியோடுதான் வந்தன.

எஞ்சிய ஊகமும் அதன் முன்கணிப்பும்

மிஞ்சியவற்றில் ஐந்தாவது ஊகத்தை எடுத்தார்கள்: வேறொரு த்ரெட்டின் பூட்டு, இங்கே மெட்ரிக்ஸ் பூட்டு. இயங்கும் விதம் இது. லினக்ஸில் பைதான் 3.11-இன் மல்டிப்ராசஸிங் இயல்பாக ஃபோர்க் முறையைப் பயன்படுத்தும். ஃபோர்க் செய்தால் தாயின் நினைவகம் முழுவதும் சேய்க்கு நகலாகும். த்ரெட்களில் ஃபோர்க்கை அழைத்த ஒன்று மட்டுமே சேயில் இருக்கும். வேறொரு த்ரெட் ஒரு பூட்டைப் பிடித்திருக்கும் கணத்தில் நகல் எடுக்கப்பட்டால், பூட்டு பூட்டிய நிலையிலேயே சேய்க்குப் போகும், திறக்க வேண்டிய த்ரெட் போகாது. சேய் அந்தப் பூட்டைக் கேட்டால் காலம் முழுக்கக் காத்திருக்க வேண்டியதுதான்.

பணி தொடங்கும்போது நடக்கும் 8 ஃபோர்க்குகளோடு இது நிற்கவில்லை. 200 படங்களுக்கு ஒருமுறை வொர்க்கர் மாறுவதால், பூலின் உள்ளே இருக்கும் மேலாண்மை த்ரெட் இரவு முழுவதும் ஃபோர்க் செய்துகொண்டே இருந்தது. 40,000-ஐ 200-ஆல் வகுத்தால் சுமார் 200 ஃபோர்க்குகள். மெட்ரிக்ஸ் த்ரெட் எச்டிடிபி அனுப்பி முடிக்கும்வரை பூட்டைப் பிடித்திருந்தது. அளந்தபோது 10 நொடிக்கு ஒருமுறை சுமார் 3 மில்லிநொடி. ஒரு ஃபோர்க் அந்த இடைவெளியில் விழும் வாய்ப்பு 0.03%. 200 ஃபோர்க்குகளுக்கு ஓர் இரவில் ஏறத்தாழ 6%. கண்ட விகிதம் 70-க்கு 5, அதாவது 7%. மெமரி கசிவுக்குப் போட்ட ஒட்டுதான் இந்த பக்குக்குத் தீனி போட்டிருக்கிறது.

மேக்கில் ஏன் நிகழவில்லை என்பதும் இதோடு தெளிந்தது. பைதான் 3.8 முதல் மேக்கில் இயல்பான முறை ஸ்பான்: சேய் ப்ராசஸ் புதிதாகப் பிறந்து எல்லாவற்றையும் தானே இம்போர்ட் செய்யும்.

கணக்கு பொருந்துவது போதாது என்று குழு நினைத்தது. அது சரியான முடிவு. பொருத்தமான கணக்கு சொல்ல மாடலுக்கு எந்த ஊகமும் போதும். இந்த ஊகம் உண்மையானால் இதுவரை யாரும் கவனிக்காத வேறு எது உண்மையாக இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். வந்த பதில்: சேய் ப்ராசஸில் மெட்ரிக்ஸ் த்ரெட்டே இருக்காது, ஆகவே வொர்க்கருக்குள் எண்ணப்படும் எதுவும் சேவையகத்திலிருந்து ஒருபோதும் வெளியே போயிருக்கக் கூடாது; மேக்கில் ஓட்டிய சோதனைகளிலிருந்து மட்டும் போயிருக்க வேண்டும். டேஷ்போர்டைத் திறந்தார்கள். படம் படிக்கும் நேரத்துக்கான பலகை, சேவையகத்துக்கு முதல் நாள் முதல் காலி. சோதனைச் சூழலில் எண்கள் இருந்தன. பலகை பழுது என்று யாரோ எப்போதோ ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தார்கள்.

மறுஉருவாக்கம்

இடைவெளியைப் பெரிதாக்கினால் பக் சீக்கிரம் வரும். மெட்ரிக்ஸ் த்ரெட் பூட்டைப் பிடித்திருக்கும் இடத்தில் 50 மில்லிநொடி உறக்கம் சேர்த்தார்கள்; அனுப்பும் இடைவெளியை 10 நொடியிலிருந்து 100 மில்லிநொடியாகக் குறைத்தார்கள்; ஒவ்வொரு படத்துக்கும் வொர்க்கர் மாறும்படி 200-ஐ 1 ஆக்கினார்கள்; படம் படிக்கும் வேலையை வெறும் எண்ணிக்கை அழைப்பாகச் சுருக்கினார்கள். உறக்கம் பூட்டுக்கு உள்ளே இருக்க வேண்டும். வெளியே வைத்தால் எதுவும் நடக்காது, ஊகம் தவறு என்று எண்ணத் தோன்றும். லினக்ஸ் கன்டெய்னரில் ஓட்டியதும் 30 நொடிக்குள் 8 வொர்க்கர்களும் சிக்கின.

எதிர்ச்சோதனைகள் இரண்டு. ஃபோர்க்கை விட்டுவிட்டு மெட்ரிக்ஸ் த்ரெட்டை மட்டும் நிறுத்தினால் 10,000 வேலையும் முடிந்தன. த்ரெட்டை விட்டுவிட்டு முறையை ஸ்பானாக மாற்றினாலும் முடிந்தன.

உண்மையான பணியிலும் சான்று எடுக்க வேண்டியிருந்தது. பை-ஸ்பை கருவி, ஓடும் ப்ராசஸின் பைதான் ஸ்டாக்கை (எந்த வரியில், எந்த அழைப்புகள் வழியாக வந்து நிற்கிறது என்ற பட்டியலை) வெளியிலிருந்தே காட்டும், ஆனால் அதற்கு ப்டிரேஸ் அனுமதி (வேறொரு ப்ராசஸின் உள்ளே பார்க்கும் அனுமதி) வேண்டும். கன்டெய்னரில் அது இல்லை. பாதுகாப்புக் காரணத்தால் அதைக் கொடுக்கவும் மறுத்துவிட்டார்கள். மாற்றாக, பைதானோடு வரும் ஃபால்ட்ஹேண்ட்லரைப் பயனர் சிக்னல் ஒன்றில் பதிந்தார்கள். அந்தச் சிக்னலை அனுப்பினால் எல்லா த்ரெட்களின் ஸ்டாக்கும் பிழை வெளியீட்டில் வந்து விழும். பூட்டுக்காகக் காத்திருக்கும் ப்ராசஸிலும் அது வேலை செய்யும். 11-ஆம் இரவு பணி நின்றது. ஸ்டாக்கின் மேல்வரி, மெட்ரிக்ஸ் மாட்யூலில் பூட்டைக் கேட்கும் வரி.

தீர்வைத் தேர்ந்தது

மூன்று வழிகள் இருந்தன. மெட்ரிக்ஸ் மாட்யூலிலேயே, ஃபோர்க் முடிந்ததும் சேயில் பூட்டைப் புதுப்பித்து த்ரெட்டைத் தொடங்கும்படி செய்யலாம். சில வரிகளில் முடியும். ஆனால் இந்த ஒரு பூட்டு மட்டுமே சரியாகும்; நாளை வேறொரு நூலகம் த்ரெட் தொடங்கினால் பழைய கதைதான். ஸ்பான் எல்லாவற்றையும் தீர்க்கும். மூன்றாவது ஃபோர்க்சர்வர்: த்ரெட் ஏதுமில்லாத தனிப் ப்ராசஸ் ஒன்று முதலிலேயே தொடங்கி, அதிலிருந்து மட்டும் வொர்க்கர்கள் ஃபோர்க் ஆகும். பைதான் 3.14-இல் லினக்ஸின் இயல்பான முறையும் இதுவே.

ஃபோர்க்சர்வரைத் தேர்ந்தார்கள். மாடலிடம் பேட்ச் (திருத்த நிரல்) கேட்டபோது இன்னொரு பொறி வந்தது. வொர்க்கர் வேகமாகத் தொடங்க வேண்டும் என்று, பயன்பாட்டு மாட்யூல் முழுவதையும் ஃபோர்க்சர்வரில் முன்கூட்டியே இம்போர்ட் செய்யும் வரியை அது சேர்த்திருந்தது. அந்த மாட்யூல் மெட்ரிக்ஸை இம்போர்ட் செய்யும். மெட்ரிக்ஸ் இம்போர்ட் ஆனதுமே த்ரெட்டைத் தொடங்கும். தூய்மையாக இருக்க வேண்டிய ஃபோர்க்சர்வரிலேயே த்ரெட்டும் பூட்டும் வந்துவிட்டன. கண்ணால் படித்த இருவருக்கும் இது தெரியவில்லை. மறுஉருவாக்கச் சோதனையில் ஒரே நிமிடத்தில் பிடிபட்டது.

இறுதியில் முன்-இம்போர்ட் வரியை நீக்கினார்கள். மெட்ரிக்ஸ் த்ரெட் இம்போர்ட்டில் தொடங்காமல், தனி அழைப்பில் மட்டும் தொடங்கும்படி மாற்றினார்கள்; வொர்க்கர் பிறந்ததும் அந்த அழைப்பைச் செய்யும். பூட்டைப் பிடித்தபடி எச்டிடிபி அனுப்புவதை விட்டு, பூட்டுக்குள் எண்களை நகலெடுத்துவிட்டு வெளியே வந்து அனுப்பும்படி எழுதினார்கள்.

மாற்றத்துக்கு விலையும் உண்டு. தாய் ப்ராசஸில் ஏற்றி வைத்திருந்த 180 எம்பி அட்டவணை, ஃபோர்க்கில் எல்லாச் சேய்களுக்கும் பொதுவாகக் கிடைத்துவந்தது. இப்போது ஒவ்வொரு வொர்க்கரும் தானே ஏற்ற வேண்டும். 8 மடங்கானால் 1,440 எம்பி. அட்டவணையை நம்பை கோப்பாக மாற்றி, படிக்க மட்டுமான மெமரி-மேப்பாக (கோப்பை நேரடியாக நினைவகத்தில் காட்டும் முறையில்) திறந்ததும் பக்கங்கள் மறுபடி பொதுவாயின. வொர்க்கருக்குக் கொடுத்திருந்த ஒரு லாம்டா (பெயரில்லாத செயல்கூறு), பிக்கிள் ஆகாமல் (வேறு ப்ராசஸுக்கு அனுப்பும் வடிவத்துக்கு மாறாமல்) பிழை தந்தது. அதைப் பெயருள்ள செயல்கூறாக எழுதினார்கள். ஒரு வொர்க்கர் தொடங்க இப்போது 2.5 நொடி. 200 முறைக்கு, 8 ஆகப் பகிர்ந்தால், இரவுக்கு ஒரு நிமிடம் கூடுதல்.

விளைவு

மாற்றம் ஏற்றி 60 இரவுகள் பணி ஒருமுறையும் நிற்கவில்லை. இரவுக்கு 6% என்ற பக் இன்னும் இருந்தாலும், 10 இரவுகள் அமைதியாகப் போக 54% வாய்ப்பு உண்டு. அதனால் பத்தாம் நாள் டிக்கெட்டை மூடச் சொன்ன யோசனையைக் குழு ஏற்கவில்லை. 60 இரவுகளுக்கு அந்த வாய்ப்பு சுமார் 2.4%. அதோடு மறுஉருவாக்கச் சோதனையும் சேர்ந்த பிறகே மூடினார்கள். காலியாக இருந்த டேஷ்போர்டு பலகையில் எண்கள் வரத் தொடங்கின.

அடுத்த முறை மாற்றிச் செய்வது

மாடலிடம் போகும் முன் நிரப்ப ஓர் அரைப் பக்கப் படிவம் வைத்திருக்கிறார்கள்: பதிப்புகள், கண்டவை, பார்க்காதவை, சிபியு நிலை, எந்தச் சூழலில் நிகழவில்லை. காரணம் எழுத இடமில்லை. ஃபால்ட்ஹேண்ட்லர் எல்லாச் சேவைகளிலும் தொடக்கத்திலேயே பதிவாகிறது. சான்றுக்காக 11 இரவு காத்திருந்தது முதல் நிறுத்தத்திலேயே முடிந்திருக்க வேண்டிய வேலை. மாடல் தரும் பேட்ச் எதுவாயினும் மறுஉருவாக்கச் சோதனை தேறிய பிறகே மறுஆய்வுக்கு வரும்.

சோதனைகள் மேக்கில் மட்டும் ஓடுவது நின்றது. பூல் தொடர்பானவை லினக்ஸ் கன்டெய்னரிலும் ஓடுகின்றன. பைதான் 3.12 முதல், த்ரெட்கள் ஓடும் ப்ராசஸில் ஃபோர்க் செய்தால் எச்சரிக்கை வரும். பதிப்பை உயர்த்தி, சோதனைகளில் அந்த எச்சரிக்கையைப் பிழையாக மாற்றும் வேலை நடந்துவருகிறது.

200 படங்களுக்கு ஒருமுறை வொர்க்கரை மாற்றும் அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. மெமரி கசிவுக்குத் தனி டிக்கெட் திறந்திருக்கிறார்கள். ஏன் 200 என்ற கேள்வி அதன் முதல் வரி.